லேத் வேலை முடிந்த சாமான்களின் விளிம்புப் பிசிறு: அரமா, மெஷினா?

கல்லடி_கடைசல்:
எல்லாருக்கும் வணக்கம். கல்லடியில் சின்ன வேர்க்ஷொப் வைத்திருக்கிறேன். ஒரு லேத், ஒரு பழைய மில்லிங், ஒரு பில்லர் ட்ரில், அவ்வளவுதான். வழக்கமாக வருவது ஒன்றிரண்டு சாமான், போட்டு (படகு) ஷாப்ட், லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்) புஷ், அதாவது ஷாப்டோ பின்னோ ஓடுகிற குழல், இப்படி. அதில் பிசிறு, அதாவது வெட்டின விளிம்பில் நீட்டிக்கொண்டு நிற்கிற கூரான உலோகத் துணுக்கு, ஒரு கதையே இல்லை, கையில் அரம் இருந்தால் போதும்.

இப்போது பெரும்போக அறுவடைக்கு முன்னம் நெல் வெட்டும் மெஷினுக்கு 'பின்' (pin) செய்து தரச்சொல்லி ஓர் ஓடர் வந்திருக்கிறது, சில நூறு பின். ஈஎன்8 இரும்பு, 25 மி.மீ. விட்டம், எச்7 அளவு (விட்டம் எவ்வளவு பிசகலாம் என்கிற வரம்பு). ஒரு நுனியிலிருந்து நடுவால் கிரீஸ் போக 6 மி.மீ. துளை, அதைக் குறுக்கே போய்ச் சந்திக்கிற 4 மி.மீ. துளை, மற்ற நுனியில் ஸ்பிளிட் பின்னுக்கு இன்னொரு துளை.

கடைந்து முடிக்கிற நேரத்தைவிட விளிம்பு துப்புரவாக்கும் நேரம் கூடப் போகிறது. அதுக்குள்ளே முதல் பெட்டி திரும்பி வந்துவிட்டது. குறுக்குத் துளைக்குள் பிசிறு நிற்கிறதாம், பின்னைப் புஷ்ஷுக்குள் விடும்போது கீறுகிறதாம். அவர் தந்த படத்தில் விளிம்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கேட்டால், பிசிறு எடுப்பது உங்கட வேலைதானே, அதையும் எழுதித் தரவேண்டுமா என்கிறார்.

மச்சான் ஒருவர் சும்மா கிடக்கிற சீமெந்து மிக்சரைத் தருகிறேன், எல்லாவற்றையும் கல்லோடு சேர்த்துப் போட்டுச் சுற்று என்கிறார். செய்யலாமா? உள்துளைப் பிசிறை எப்படி எடுப்பது? விளிம்பை எவ்வளவு உருட்டினால் போதும்? செய்து பழகினவர்கள் சொல்லுங்க.

சம்மாந்துறை_மில்:
தம்பி, மெஷின் எல்லாம் பிறகு. சாமானை சக்கிலிருந்து (லேத்தில் சாமானைப் பிடித்துச் சுற்றுகிற தலை) கழற்றின பிறகு விளிம்பைப் பார்க்கிறீங்களா, கழற்ற முன்னமே பார்க்கிறீங்களா? எங்கட வேர்க்ஷொப்பில் நெல் மில் சாமான்தான் வேலை, றோலர் ஷாப்ட், எலிவேட்டர் ஷாப்ட், புலி. வாப்பா காலத்திலிருந்து ஒரே பழக்கம்தான். முகம் அறுத்ததும் (நுனியைத் தட்டையாகக் கடைந்ததும்) 45 பாகை ரூலால் (வெட்டுக் கருவியால்) ஒரு தொடுகை, அது முடிந்துதான் விட்டத்துக்குக் கடைசிக் கடைசல். சாமானை அறுத்துப் பிரிக்கிற பார்ட்டிங் ரூலின் முகத்தை நேராகத் தீட்டாமல் கொஞ்சம் சரித்துத் தீட்டினால், அறுந்து விழுகிற நேரம் நடுவில் நிற்கிற முளை சாமானில் நிற்காது, கம்பியோடு போய்விடும். மற்ற நுனிக்கு ஒருமுறை திருப்பிப் பிடித்து அதே 45 ரூல்.

இப்படிச் செய்தால் வெளி விளிம்புக்கு அரமே தேவைப்படாது. அரம் போடவேண்டி வந்தாலும் சாமான் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, மெதுவான வேகத்தில், ஒற்றைவெட்டு அரம். அரத்தில் சோக்குக் கட்டியைத் தேய்த்துவிட்டுப் போடுங்க, இரும்புத்தூள் பல்லுக்குள் அடைத்துக் கோடு கீறாது.

டெக்னிக்கல்_வாத்தியார்:
மேலே சொன்னது சரி, ஆனால் சுற்றுகிற லேத்தில் அரம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அரத்தின் கைப்பிடியை இடக்கையில் பிடியுங்கள், நுனி வலக்கையில். வலக்கையில் கைப்பிடியைப் பிடித்தால் இடது முழங்கை சக்குக்கு மேலால் போகும், தாடைகள் சுற்றிக்கொண்டிருக்கிற இடத்துக்கு. கைப்பிடி இல்லாத அரத்தை லேத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அது ஒருமுறை தாடையில் தட்டினால் வால் உள்ளங்கைக்குள் இறங்கும்.

எமரித் துணியை விரலில் சுற்றிப் பிடிக்கிற பழக்கம் நம்மூரில் கனக்கப் பேரிடம் இருக்கிறது. துணி பிடித்துக்கொண்டால் விரலும் சேர்ந்து சுற்றும். இரண்டு நுனியையும் தனித்தனியாகப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அரத்துக்கு அடியில் துணியை வைத்து அழுத்துங்கள். கையுறை வேண்டவே வேண்டாம், மோதிரமும் வேண்டாம். விளிம்பு கையை வெட்டுகிறதே என்று கையுறை போடுபவர்கள் அதைச் சுற்றுகிற மெஷினில் போடாமல், சாமானைப் பெட்டியில் அடுக்கும்போது போடட்டும்.

ஒலுவில்_மாணவன்:
பிசிறு ஏன் வருகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், படித்ததை வைத்து. கூர் உலோகத்துக்குள் போகிற பக்கத்தில் பிசிறு மிகக் குறைவு, வெளியே வருகிற பக்கத்தில்தான் பெரிது. வெளியேறுகிற இடத்தில் கூருக்கு முன்னால் உலோகத்தைத் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே கடைசித் தகடு வெட்டுப்படாமல் மடிந்து வெளியே தள்ளப்படுகிறது. வாழைத்தண்டை மழுங்கின கத்தியால் வெட்டும்போது அந்தப் பக்கம் நார் தொங்குமே, அந்த மாதிரி. உலோகம் எவ்வளவு இழுபடுமோ அவ்வளவுக்குப் பிசிறும் பெரிது. மைல்ட் ஸ்டீல், செம்பு, மென்மையான அலுமினியம் மூன்றும் மோசம். வார்ப்பிரும்பு நொறுங்கிவிடும், ஈயம் கலந்த பித்தளையிலும் பெரிதாக வராது. கூர் மழுங்கினால் எல்லாவற்றிலும் கூடும்.

அதனால்தான் சம்மாந்துறைக் காக்கா (அண்ணன்) சொன்ன ஒழுங்கு வேலை செய்கிறது. முதலில் சேம்பர் (விளிம்பில் வெட்டுகிற சரிவு), பிறகு விட்டத்தின் கடைசிக் கடைசல். கடைசல் சேம்பரில் இருந்து உள்ளே போவதால் அந்த விளிம்பு 'போகிற பக்கம்' ஆகிவிடுகிறது. மாற்றிச் செய்தால் சேம்பர் ரூலே இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பிசிறு விடும், கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் தட்டும்.

அடுத்தது, விளிம்பைப் படத்தில் எழுதுவதற்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது, ஐஎஸ்ஓ 13715. ஒரு சின்னக் குறியும் பக்கத்தில் ஓர் எண்ணும்தான். வெளி விளிம்புக்கு +0.3 என்றால் 0.3 மி.மீ. வரை பிசிறு நிற்கலாம், −0.3 என்றால் பிசிறு நிற்கவே கூடாது, உள்ளே 0.3 வரை எடுத்துவிடலாம். படத்தின் மூலையில் இதை ஒருமுறை போட்டால் எல்லா விளிம்புக்கும் சேரும்.

சம்மாந்துறை_மில்:
தம்பி ஒலுவில், இங்கே படம் வருவதே சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில். ஐஎஸ்ஓவை எங்கே எழுதுவது?

ஒலுவில்_மாணவன்:
அதுவும் சரிதான் காக்கா. ஆனால் அவர் படம் தராவிட்டாலும், நாங்கள் கொடுக்கிற விலைத் துண்டில் "வெளி விளிம்புகள் 0.3 முதல் 0.5 வரை 45 பாகை, துளைகளில் பிசிறு இராது" என்று ஒரு வரி எழுதலாம்தானே. பிறகு திருப்பி அனுப்பினால் அந்த வரியைக் காட்டிக் கதைக்கலாம்.

ஸ்டுட்கார்ட்_களுவாஞ்சி:
களுவாஞ்சிக்குடியில் பிறந்து இப்போது ஜெர்மனியில் ஹைட்ரோலிக் வால்வு கடைகிற இடத்தில் வேலை. எங்கட வேலையில் பாதி இந்தக் குறுக்குத் துளைச் சண்டைதான், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

முதலில் உங்கட பின்னின் வெளிப் பக்கத்தைப் பாருங்க. 25 மி.மீ. உருளையில் 4 மி.மீ. துளை போட்டால் துளையின் விளிம்பு தட்டையாக இருக்காது. பின்னின் நீளப்போக்கில் இருக்கிற இரண்டு புள்ளி மேலே, சுற்றுப்போக்கில் இருக்கிற இரண்டு புள்ளி கீழே. வித்தியாசம் கணக்குப் போட்டால் 0.16 மி.மீ. ஆக கவுண்டர்சிங்க் கட்டரை (துளையின் வாயைச் சரிவாக வெட்டுகிற கூம்புக் கட்டர்) கொஞ்சம் தொட்டு எடுத்தால் மேல் இரண்டு புள்ளியில் மட்டும் வெட்டும், மற்ற இடத்தில் பிசிறு அப்படியே நிற்கும். பார்க்க சேம்பர் போட்ட மாதிரி இருக்கும், புஷ்ஷைக் கீறும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். குறைந்தது 0.3 ஆழமாவது இறக்குங்க, அப்போதுதான் சுற்றிவர வெட்டும்.

உள்ளே இன்னும் மோசம். 6 மி.மீ. துளைக்குள் 4 மி.மீ. துளை வந்து விழுகிற இடத்தில் அதே கணக்கைப் போட்டால் மேலும் கீழும் முக்கால் மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம். எந்தக் கவுண்டர்சிங்கும் அதைச் சுற்றிவர எடுக்காது. அங்கே மூன்று வழி இருக்கிறது.

செலவில்லாத வழி, துளை போடுகிற ஒழுங்கை மாற்றுவது. நடுத்துளையை முதலில் 5.8 இல் போடுங்க. பிறகு குறுக்கே 4. கடைசியில் 6 மி.மீ. ரீமரையோ (துளையைச் சரி அளவுக்குச் சீவுகிற கருவி) நல்ல கூரான ட்ரில்லையோ நடுவால் ஒருமுறை விடுங்க, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை அது வழித்துக்கொண்டு போகும். அது கொஞ்சத்தைக் குறுக்குத் துளைக்குள் மடித்துத் தள்ளும். அதுக்கு 4 மி.மீ. ட்ரில்லைக் கையில் பிடித்து ஒருமுறை சுழற்றி எடுத்தால் போதும். மெஷினில் பூட்ட வேண்டாம், கையாலேயே.

இரண்டாவது, 3 மி.மீ. கம்பி ஒன்றின் நுனியை வாளால் நீளமாகப் பிளந்து, அதுக்குள் எமரித் துணித் துண்டைச் செருகிச் சுற்றி, கை ட்ரில்லில் பூட்டி, நடுத்துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுப்பது. துணி விளிம்பைத் தட்டித் தட்டி உருட்டிவிடும். அசிங்கமான ஆயுதம், ஆனால் நல்ல வேலை.

மூன்றாவது, அதுக்கென்று விற்கிற குறுக்குத்துளைக் கருவிகள், உருண்டைத் தலைக் கட்டர், நுனியில் சிராய்ப்பு மணி ஒட்டின பிரஷ். உங்கட எண்ணிக்கைக்குத் தேவையில்லை.

இங்கே பெரிய தொகைக்கு என்ன செய்கிறோம் என்றால், சாமானை ஓர் அடைத்த அறைக்குள் வைத்து, ஒட்சிசனும் எரிவாயுவும் நிரப்பிப் பற்றவைக்கிறோம். சில மில்லிசெக்கனுக்குள் 2500 பாகைக்கு மேல் போய் அடங்கிவிடும். பிசிறு மெல்லிசு, உடனே எரியும். சாமானின் உடம்புக்கு அந்த நேரத்துக்குள் சூடு ஏறாது. பிறகு மேலே படிகிற ஒட்சைட்டைக் கழுவவேண்டும். கேட்க நன்றாக இருக்கும், கல்லடியில் யாரும் முயற்சிக்க வேண்டாம் 😀

கல்லடி_கடைசல்:
அண்ணே, அந்த 0.16 கணக்கு இவ்வளவு நாளும் யாரும் சொல்லவில்லை. இப்போது ஒரு பின்னை எடுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். சேம்பர் மேலே நீட்டாக இருக்கிறது, பக்கவாட்டில் முடி மாதிரி ஒரு விளிம்பு அப்படியே நிற்கிறது. கண்ணுக்குப் படவில்லை, காதுக்குப் போடுகிற பஞ்சுக்குச்சியால் தடவினால் பஞ்சு பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று. கவுண்டர்சிங்க் ஆழமாக இறக்கினால் அதிர்ந்து பூப்பூவாக வெட்டுகிறது. என்ன செய்ய?

டெக்னிக்கல்_வாத்தியார்:
வேகத்தைக் குறையுங்கள், உங்கள் பில்லர் ட்ரில்லில் ஆகக் குறைந்த பெல்ட் எதுவோ அது. அழுத்தத்தைக் கூட்டுங்கள், தடவாதீர்கள். தடவினால்தான் அதிரும். நிறையப் பல் உள்ள கட்டரைவிட ஒற்றைப் பல், அல்லது தலையில் சரிவாக ஒரு துளை மட்டும் உள்ள வகை நல்லது, அது அதிராது. ஒரு துளி வெட்டெண்ணெய்.

பஞ்சுக்குச்சிச் சோதனை நல்ல சோதனை. எங்கள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் காட்டுவது.

அக்கரைப்பற்று_வெல்டர்:
எனக்கு லேத் இல்லை, கேற், கிறில், தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட், இதுகள்தான். எங்கட பக்கத்திலும் விளிம்புக் கதை ஒன்று இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகிறேன். கடற்கரைப் பக்கம் கேற் பூட்டினால் துரு முதலில் எங்கே பிடிக்கிறது என்று பாருங்க. தட்டையில் இல்லை, மூலை விளிம்பில். பெயின்ற் காயும்போது கூரான விளிம்பிலிருந்து இரண்டு பக்கமும் விலகிப் போகும், அங்கே மிச்சம் நிற்பது மெல்லிய படலம்தான். எத்தனை கோட் அடித்தாலும் அந்த இடம் மெல்லிசுதான். அதனால் பிளாப் டிஸ்க்கால் எல்லா விளிம்பையும் உருட்டிவிட்டுத்தான் பிறைமர் அடிப்பேன். பக்கத்து வேர்க்ஷொப்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

ஒலுவில்_மாணவன்:
அண்ணே, நீங்கள் செய்வது தரநிலையிலேயே இருக்கிறது. பெயின்றுக்கு முன் எஃகைத் தயார் செய்வதற்கான ஐஎஸ்ஓ 8501-3 இல் ஆக உயர்ந்த தரத்துக்கு விளிம்பை 2 மி.மீ. ஆரைக்குக் குறையாமல் உருட்டவேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. உருகின நாகத்தில் (துத்தநாகம்) தோய்ப்பதாக இருந்தால் கதை வேறு, நாகப்படை மேற்பரப்புக்குச் செங்குத்தாக வளர்வதால் மூலையில் மெலிவதில்லை.

வாழைச்சேனை_போட்டு:
போட்டு இஞ்சின் வேலை செய்கிற எனக்கு இவர் கேட்ட மூன்றாவது கேள்விதான் முக்கியம், எவ்வளவு உருட்டுவது. அது எங்கே போகிற விளிம்பு என்பதில் இருக்கிறது. ஒயில் சீல் ஏறுகிற ஷாப்ட் நுனிக்குச் சும்மா 0.3 சேம்பர் போட்டால் சீலின் உதடு ஏறும்போதே வெட்டுப்படும், அது பிறகு ஒழுகும், ஆள் வந்து சீல் சரியில்லை என்று சண்டை பிடிப்பார். அங்கே 15 முதல் 30 பாகை வரை நீளமான சரிவு வேண்டும், சரிவு முடிகிற இடத்தையும் மழுக்கவேண்டும். சாவிக் கால்வாய் (ஷாப்டையும் கப்ளிங்கையும் பூட்டுகிற சாவிக்கட்டை இறங்குகிற பள்ளம்) வெட்டின ஷாப்ட் என்றால் கால்வாயின் இரண்டு மேல் விளிம்பையும் அரத்தால் ஒரு தடவை எடுங்க, இல்லாவிட்டால் கப்ளிங் ஏறும்போது அந்தப் பிசிறு உள்ளே கோடு கீறிக்கொண்டே போய் நடுவழியில் இறுகிவிடும். மறுகா கழற்ற முடியாது. சாவியின் மூலைகளுக்கும் சேம்பர் வேண்டும், கால்வாயின் அடி மூலை கூராக இராது, சாவி அதில் ஏறி நின்றால் சாவி இறங்கினது போலத் தெரியும், இறங்கியிராது.

ஆனால் பேரிங் உட்காருகிற தோள் முகத்தை அரம் போட்டு உருட்டாதீங்க. பிசிறு போனால் போதும், அந்த முகத்தில்தான் பேரிங் சாய்ந்து நிற்கிறது.

இன்னொன்று, சீல் ஓடுகிற இடத்தில் லேத்தில் எமரி பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து மினுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது திருகு மாதிரி மெல்லிய கோடு விடும், ஷாப்ட் சுற்றும்போது அந்தக் கோடு ஒயிலை வெளியே இழுக்கும். மினுக்கம் இருக்கும், ஒழுகலும் இருக்கும்.

கல்லடி_கடைசல்:
சரி, மிக்சர் விசயத்தை யாரும் தொடவில்லையே? மச்சான் நாளைக்கு லொறியில் ஏற்றப்போகிறேன் என்கிறார்.

தோகா_மட்டுநகரான்:
நான் தொடுகிறேன். கட்டாரில் நாங்கள் வேலை செய்கிற இடத்தில் அதிர்வுத் தொட்டி ஒன்று இருக்கிறது, அதுக்குள் செராமிக் முக்கோணக் கல், தண்ணீர், ஒரு திரவம். அலுமினியத்துக்குச் செராமிக் போடமாட்டோம், பிளாஸ்ரிக் கல்தான். சாமான் ஒரு பங்கு என்றால் கல் மூன்று பங்கு, குறைத்தால் சாமானோடு சாமான் மோதும்.

மிக்சர் அதிர்வதில்லை, உருட்டுகிறது. உருட்டுத் தொட்டி என்று தொழிற்சாலைகளிலும் இருக்கிறது, ஆகவே யோசனை பிழையில்லை. ஆனால் சீமெந்து மிக்சருக்குள் தகடு வைத்திருப்பார்கள், அது சாமானை மேலே தூக்கிக் கீழே போடும். உங்கட பின் 25 மி.மீ. இரும்பு, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் அதன் ஓரத்தில் உலோகம் மேலே எழும்பும். எச்7 என்றால் 25க்கு உங்களுக்கு இருக்கிற இடம் 0.021 மி.மீ. மட்டும், எழும்பின ஓரம் அதைத் தாண்டிவிடும், பின் புஷ்ஷுக்குள் போகாது. பிசிறு போகும், பின்னும் போகும்!

செய்துதான் பார்க்கவேண்டும் என்றால் உள் தகடுகளைக் கழற்றுங்க, பழைய லொறி ரியூப்பை வெட்டி உள்ளே ஒட்டுங்க, பாதிக்கு மேல் கல் நிரப்புங்க, குறைவாக நிரப்பினால்தான் தூக்கி எறியும். கல் அளவு முக்கியம். உங்கட 4, 6 மி.மீ. துளைக்குள் போய் இறுகுகிற அளவில் ஒரு கல்லும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு பின்னிலிருந்தும் குச்சியால் கல் தோண்டிக்கொண்டிருந்தால் அரம் போடுவதே மேல். அடுத்தது, இதெல்லாம் வெளி விளிம்புக்குத்தான். உள் சந்திப்பில் தொட்டிக் கல் போய் ஒன்றும் செய்யாது.

சம்மாந்துறை_மில்:
உடைந்த கிரைண்டிங் கல்லைச் சுத்தியலால் தட்டித் துண்டாக்கிப் போட்டால் சரிவருமா? ஆற்று மண்?

தோகா_மட்டுநகரான்:
கிரைண்டிங் கல் துண்டு வெட்டும், சரிவரும், ஆனால் கூர்முனை மழுங்கும் வரைக்கும் சும்மா கல்லை மட்டும் தண்ணீரோடு உருட்டிவிட்டுத்தான் சாமானைப் போடவேண்டும். ஆற்று மண் மினுக்கும், பிசிறை எடுக்காது. கடல் மண் கிட்டவே வேண்டாம், உப்பில் இரண்டு மணித்தியாலத்தில் சிவந்துவிடும். தண்ணீருக்குள் கொஞ்சம் சலவைச் சோடா போடுங்க, காரத்தண்ணீரில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்காது. எடுத்த உடனே கழுவி உலர்த்தி ஒயில் பூசவேண்டும், இரவு அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது.

சம்மாந்துறை_மில்:
உலர்த்துவதற்கு உமி! எங்கட மில்லில் மலையாகக் கிடக்கிறது, கேட்பார் இல்லை. சூடாக்கின உமிக்குள் போட்டுப் புரட்டினால் ஈரத்தையும் உறிஞ்சும், கொஞ்சம் மினுக்கியும் தரும். உமிக்குள் சிலிக்கா இருக்கிறது, அதனால்தான் உமி ஓடுகிற குழாயெல்லாம் எங்களுக்குத் தேய்ந்து ஓட்டையாகிறது.

தோகா_மட்டுநகரான்:
காக்கா, அது உண்மையிலேயே நல்ல யோசனை. தொழிற்சாலைகளில் சோளப்பொத்தித் தூளை இதுக்குத்தான் பாவிக்கிறார்கள். ஆனால் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யுங்க, அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது. பிறகு கிரீஸ் துளைக்குள் காற்றடித்து உமியை வெளியே எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பிசிறுக்குப் பதிலாக உமி என்று திரும்பவும் பெட்டி வரும்.

கல்லடி_கடைசல்:
மச்சானிடம் மிக்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம். இப்போது ஒழுங்கை மாற்றிப் போட்டிருக்கிறேன், காக்கா சொன்னபடி சேம்பர் முதலில், கடைசல் பிறகு. துளை ஸ்டுட்கார்ட் அண்ணன் சொன்னபடி 5.8, குறுக்கு 4, கடைசியில் 6 ரீமர். ரீமரை வெளியே எடுக்கும்போது நுனியில் பிசிறு சுருண்டு மயிர் மாதிரி வருகிறது, பார்க்க மனசுக்குச் சுகமாக இருக்கிறது. அரம் இப்போது மேசையில் சும்மா கிடக்கிறது, குறுக்குத் துளையின் வெளி வாய்க்கும் ஸ்பிளிட் பின் துளைக்கும் மட்டும் கவுண்டர்சிங்க். கிரீஸ் கன் வைத்து அடித்துப் பார்த்தேன், குறுக்கால் தாராளமாக வருகிறது.

மிச்சம் இருப்பது காசுக் கதை. கூடப் போகிற நேரத்துக்குத் தனியாகக் கேட்கலாமா?

ஸ்டுட்கார்ட்_களுவாஞ்சி:
கேட்கவேண்டும். இங்கே விலைப்பட்டியலில் தனி வரியாகவே இருக்கும். இலவசமாகச் செய்தால் அடுத்த முறையும் அவர் படத்தில் எழுதமாட்டார்.

சம்மாந்துறை_மில்:
ஜெர்மனியில் சரி மகன், இங்கே "பிசிறு எடுக்க இவ்வளவு" என்று தனி வரி போட்டால் அவர் அடுத்த ரோட்டு வேர்க்ஷொப்புக்குப் போவார், அங்கே பிசிறோடு மலிவாக வாங்கி, மெஷின் வயலில் நின்ற பிறகு திரும்பி வருவார், அதுக்குள்ளே போகம் முடிந்துவிடும். ஒரு பின்னுக்கான விலைக்குள்ளேயே சேர்த்துச் சொல்லுங்க. சேம்பர் லேத்தில் சில செக்கன் வேலை, ரீமர் ஒரு நிமிசம் வராது. அரம் போட்ட காலத்தில்தான் அது தனிக் கூலி.

ஸ்டுட்கார்ட்_களுவாஞ்சி:
காக்கா, விலைக்குள் சேர்ப்பதில் பிரச்சினை இல்லை, எழுதாமல் விடுவதில்தான் பிரச்சினை. தொகை ஒன்றாக இருக்கட்டும், எந்த விளிம்பு எப்படி இருக்கும் என்பது துண்டில் இருக்கவேண்டும்.

சம்மாந்துறை_மில்:
அது சரி, அதுக்கு நான் ஓம்.

வாழைச்சேனை_போட்டு:
இடையில் என்ட கேள்வி ஒன்று. ஸ்டெயின்லெஸ் ஷாப்ட் ஒன்றின் கால்வாய் விளிம்பை அரத்தால் எடுத்து, வயர் பிரஷ்ஷால் துப்புரவாக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் பிரஷ் பட்ட இடமெல்லாம் துருப்புள்ளி. ஸ்டெயின்லெஸ் என்று விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

தோகா_மட்டுநகரான்:
பிரஷ் என்ன கம்பி? சாதாரண இரும்பு வயர் பிரஷ் என்றால் அந்த இரும்புதான் ஸ்டெயின்லெஸ்ஸின் மேல் ஒட்டித் துருப்பிடிக்கிறது. இரும்புச் சாமானுக்குப் பாவித்த அரமும் எமரியும் டிஸ்க்கும் அதே வேலையைச் செய்யும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று ஸ்டெயின்லெஸ் கம்பிப் பிரஷ், தனி அரம், தனி டிஸ்க், வேறு நிறப் பெயின்ற் அடித்துத் தனிப் பெட்டியில். இப்போது இருக்கிற புள்ளியைப் புது ஸ்கொட்ச்-பிரைட் துண்டால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்க. திரும்ப வராவிட்டால் ஷாப்டில் பிழையில்லை.

கல்லடி_கடைசல்:
அதே ஆள் இப்போது அலுமினியத் தகட்டில் பிராக்கெட்டும் கேட்கிறார், இந்த முறை படத்தின் மூலையில் விளிம்புக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்! மில்லிங்கில் வெட்டின பிறகு மூலையை பெஞ்ச் கிரைண்டரில் பிடித்து உருட்டினால் கெதியாக முடியுமே?

டெக்னிக்கல்_வாத்தியார்:
வேண்டாம். அலுமினியம் கல்லின் துளைகளுக்குள் உருகி அடைக்கும். அடைத்த கல் வெட்டாது, சூடாகும், வெடித்துப் பறக்கவும் கூடும். அதைவிடப் பெரிய காரணம், கிரைண்டருக்கு அடியில் ஏற்கனவே இரும்புத் துருத்தூள் கிடக்கும், அதுக்கு மேல் அலுமினியத் தூள் சேர்ந்தால் தண்டவாளம் ஒட்டுவதற்குப் பற்றவைக்கிற அதே கலவை. அடுத்து யாராவது இரும்பைத் தீட்டும்போது ஒரு பொறி போதும். மில்லிங்கில் பூட்டியிருக்கும்போதே 90 பாகைக் கட்டரால் விளிம்பைச் சுற்றி ஓட்டிவிடுங்கள், உள் மூலைகளுக்கும் துளைகளுக்கும் சுழல்கத்திப் பிசிறுவாங்கி, மிச்சத்துக்குச் சோக்குப் போட்ட அரம். அலுமினியத் தூளைத் தனியாகக் கூட்டி அள்ளுங்கள்.